வாயடைக்கப்பட்ட எச்சரிக்கை

அந்த மருத்துவமனையில் யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எந்தக் கணினியில் உட்காரலாம், யார் எந்த மருந்தைத் தொடலாம் என்பதையெல்லாம் இரண்டாம் மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருந்த இயந்திரம் ஒன்று வைத்திருந்தது. டைரக்டரி சர்வர் என்பார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் ஊழியர்களின் பெயரும் கடவுச்சொல்லும் அதிகாரமும் அதற்குள் இருந்தன. ஒரு டாக்டர் கணினியைத் திறந்தாலும், ஒரு நர்ஸ் மருந்துப் பெட்டகத்தில் அட்டையைக் காட்டினாலும், ‘இவர் நம்ம ஆள்தானா?’ என்று அதனிடம் கேள்வி போகும். ஆமாம் என்று பதில் வந்தால்தான் எதுவும் திறக்கும். அந்த அறையைப் பதினாறு வருஷமாகக் கட்டி மேய்த்து வந்தவள் பெரியவள்.

வீட்டில்தான் பெரியவள். மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் சர்வர் மேடம். அவளுடைய தங்கை சின்னவள் அதே கட்டடத்தில் நான்காம் மாடி நரம்பியல் வார்டில் நர்ஸ். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு ஆகி, முறிந்து, திரும்பி வந்துவிட்டாள். அம்மாவோடு மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். “ஒருத்தி மிஷினுக்கு வைத்தியம் பாக்குறா, ஒருத்தி மனுஷனுக்கு வைத்தியம் பாக்குறா. எனக்குத் தலைவலின்னா மட்டும் மாத்திரை எங்க இருக்குன்னு ரெண்டு பேரும் என்னையே கேக்குறாளுங்க” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

தொல்லை ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது.

சர்வருக்குள் ஏஜென்ட் என்று ஒரு சின்ன நிரல் குடியிருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை டைரக்டரியைத் தட்டிக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பது அதன் வேலை. ஐந்து நொடிக்குள் பதில் வந்தால் பேசாமல் இருக்கும். வராவிட்டால் பெரியவளின் போனுக்கும் அவளுடைய மேலாளரின் போனுக்கும் மஞ்சள் எச்சரிக்கை வரும். தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் எல்லா வார்டுக்கும் உடனே போன் போட்டு, ‘பெட்டகத்தை நம்பாதீங்க, பார்மசியில இருக்கிற சாவியை எடுத்துக்குங்க’ என்று சொல்ல வேண்டும். அதுதான் விதி.

அந்தத் திங்கட்கிழமை மட்டும் நாற்பத்தேழு எச்சரிக்கைகள் வந்தன. செவ்வாய்க்கிழமை அறுபது. வந்த வேகத்தில் தானாகவே சரியாகிவிட்டதாக இன்னொரு செய்தியும் பின்னாலேயே வரும். அவள் ஓடிப்போய்ச் சர்வரைத் தொட்டுப் பார்த்தால் கண் இமைப்பதற்குள் பதில் சொல்லும். சேமிப்பிடமும் நினைவகமும் தாராளமாக இருந்தன. இதன் கடிகாரமும் மாற்று சர்வரின் கடிகாரமும் ஒரு நொடி பிசகாமல் ஓடின. வைரஸ் தேடும் நிரல் குறுக்கே வருகிறதோ என்று அதையும் ஒதுக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. முந்தின சனிக்கிழமைதான் ஏஜென்டின் புதிய பதிப்பைப் போட்டிருந்தார்கள். பழி அதன் மேல் விழுந்தது. விழுந்ததில் நியாயமும் இருந்தது: அந்தப் பதிப்பு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே சுருண்டு விழுந்து எழுந்தது, எழும்போதெல்லாம் ‘டைரக்டரி பதில் சொல்லவில்லை’ என்று அலறியது. பெரியவள் அதைக் கழற்றி மறுபடி பொருத்தினாள். இரண்டாவது தடவையும் பொருத்தினாள். செய்து கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினாள். ‘ஆராய்ந்து வருகிறோம்’ என்று பதில் வந்தது.

இதற்குள் வார்டுகளில் எல்லாரும் கடுப்பாகிவிட்டார்கள். ஒரு வாரத்தில் ஒன்பது முறை போன் போட்டு எச்சரித்து, ஒன்பது முறையும் பெட்டகம் சமர்த்தாகத் திறந்தது. ஹெட் நர்ஸ்கள் கூட்டமாகப் போய்ப் புகார் சொன்னார்கள். புலி வருது கதைதான். பஸ்ஸில் சின்னவளே கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், அந்த அலாரத்தை நிறுத்தித் தொலை. சாவி வாங்க மூணு தடவை கீழ ஓடினேன். நான் மூச்சு வாங்கிட்டு வந்து நின்னா, பெட்டகம் பல்லைக் காட்டிக்கிட்டுத் திறந்து கிடக்கு.”

“உண்மையா வந்தா என்னடி பண்ணுவ?”

“உண்மையா வரும்போது பாத்துக்கலாம்.”

பெரியவளின் மேலாளருக்கு வாய்மொழி என்று பட்டப்பெயர். கெட்டவர் இல்லை. யாருக்காவது வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் எந்த உத்தரவையும் எழுத்தில் தரமாட்டார். அவருடைய பேனாவில் மையே கிடையாது, சட்டைப்பைக்கு அழகாக வைத்திருக்கிறார் என்று ஒரு கதை உண்டு. அவர் அடுத்த வாரம் புதன்கிழமை காலை சர்வர் அறை வாசலில் வந்து நின்றார்.

“நேத்து மட்டும் என் போன்ல நூத்தி இருபது மெசேஜ். என் பொண்டாட்டி போனைத் தூக்கி வெளிய எறியுறேங்கிறா. அதை மியூட்ல போடுங்க மேடம்.”

“சார், புதுப் பதிப்பு வர்ற வரைக்கும் பொறுத்துக்கலாமே. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் தெரியுமே. பொய்யா கத்துறதை எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கணும்? புதுசு வந்ததும் எடுத்து விட்டுக்கலாம்.”

“ஒரு வரி மெயில் போட்டுடுறீங்களா சார்?”

“எல்லாத்துக்கும் கடுதாசியா? நம்ம ரெண்டு பேருக்குள்ள என்ன மேடம் இது.”

அவர் போய்விட்டார். பெரியவள் திரைப் பக்கம் திரும்பினாள். எச்சரிக்கையை ஊமையாக்கக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் கேட்டது. ‘பொய் எச்சரிக்கை. ஆய்வில் உள்ளது’ என்று தட்டினாள். கீழே அவள் பெயரும் நேரமும் தானாகப் பதிந்தன. பொத்தானை அழுத்தியபோது அவளுக்குப் பயமாக இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. பத்து நாளாகக் காதுக்குள் ரீங்கரித்த கொசு செத்த மாதிரி இருந்தது.

அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் கேன்டீனில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணிக்குப் போனால் தட்டோடு நிற்கத்தான் இடம் கிடைக்கும் என்பதால் அவள் எப்போதும் ஒன்றே முக்காலுக்குப் போய், இரண்டரைக்குத்தான் திரும்புவாள். போன் மேசை மேல் கிடந்தது. அதிலிருந்து சத்தமே வரவில்லை. கை கழுவிவிட்டு மேலே வந்தபோது உதவி மேசையில் இருந்த பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தாள்.

“எங்க மேடம் போனீங்க? எல்லா வார்டுலயும் பெட்டகம் தொங்கிடுச்சு. இருபது நிமிஷமா போன்ல கத்துறாங்க, உங்களைக் கூப்பிட லைன்கூடக் கிடைக்கலை. என்ன சொல்றதுன்னே தெரியலை. இப்பத்தான் தானா சரியாச்சு.”

பெரியவள் உள்ளே ஓடினாள். கேட்டவுடன் சர்வர் பதில் சொன்னது. கண் இமைப்பதற்குள்.

நான்காம் மாடியில் நடந்ததைச் சின்னவள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடி சொன்னாள். ஏழாம் கட்டிலில் ஒரு தையற்காரி இருந்தாள். முப்பத்து நாலு வயது. தலையில் இருந்த சின்னக் கட்டியை எடுத்துப் பத்து நாளாகி, சனிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவள். காலையில்கூடச் சின்னவளின் சீருடைத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்து, “யாரு சிஸ்டர் தைச்சது, அவங்களுக்குக் கண்ணு தெரியுமா?” என்று சிரித்திருக்கிறாள். இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு அவளுக்கு வலிப்பு வந்தது. வலிப்பை நிறுத்தும் ஊசி மயக்கம் தருவது என்பதால் பூட்டிய பெட்டகத்தில்தான் இருக்கும். சின்னவள் அட்டையைக் காட்டினாள். ‘காத்திருக்கவும்’ என்றது. ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடி போட்டாள். காத்திருக்கவும். இன்னொரு நர்ஸின் அட்டையை வாங்கிப் போட்டாள். இந்த ஒரு பெட்டகம்தான் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துப் பக்கத்து வார்டுக்கு ஓடினாள். அங்கேயும் அதே எழுத்து. அதற்குப் பிறகுதான் பார்மசிக்கு ஓடினாள். ஷிப்ட் மாறுகிற நேரம். லிப்டில் ஈ நுழைய இடமில்லை. நான்கு மாடியும் படியில் இறங்கி, கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கி, படியேறி வந்து ஊசி போட்டபோது மணி இரண்டு இருபத்தொன்று.

“பதினெட்டு நிமிஷம் அக்கா. பதினெட்டு நிமிஷமும் அவ உடம்பு வெட்டிக்கிட்டே இருந்துச்சு. டாக்டர் பக்கத்துல நின்னு மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். நான் என்ன பண்ணுவேன்?”

அம்மா அவளை அணைத்து உட்கார வைத்தாள். பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தையற்காரி மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

திங்கட்கிழமை சின்னவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பெட்டகம் திறக்காதபோது உடனடியாகப் பார்மசிக்குச் செல்லாமல், மீண்டும் மீண்டும் முயன்றும் பக்கத்து வார்டுக்குச் சென்றும் எட்டு நிமிடங்களை வீணாக்கியதற்கு விளக்கம் தர வேண்டும். விசாரணை முடியும் வரை பணிக்கு வரக்கூடாது. எட்டு நிமிடம் என்பதைக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சின்னவள் அந்தக் காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அன்றே வாய்மொழி பெரியவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“தங்கச்சி எப்படி இருக்கா?”

“வீட்டுல இருக்கா சார்.”

“எனக்கும் மனசே சரியில்லை. ராத்திரி தூக்கம் இல்லை.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. கண்கள் இரண்டும் சிவந்திருந்தன. “பாருங்க மேடம், மின்சாரம் ஏறி இறங்கினதுல சர்வர் தடுமாறிடுச்சுன்னு அறிக்கை கொடுக்கப் போறேன். யாரு தப்பும் இல்லைன்னு ஆயிடும்.”

“மின்சாரம் ஏறி இறங்கலையே சார்.”

“மியூட் போட்டது உங்க பேர்ல இருக்கு. உங்க நேரத்துல இருக்கு. நான் சொன்னேன்னு எங்கயும் இல்லை. உங்களை மிரட்டுறேன்னு நினைச்சுக்காதீங்க. நடப்பைச் சொல்றேன். அந்தப் பதிவெல்லாம் முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும். நாம கையை வைக்கவே வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.”

சும்மா இருந்தால் போதும். அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் உண்டா? பெரியவள் தன் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமலே, மூன்று வாரத்து எச்சரிக்கைப் பட்டியலையும் காகிதத்தில் எடுத்தாள். ஊமையாக்கினாலும் ஏஜென்ட் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுதியதை யாருக்கும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு பக்கம் வந்தது.

ஏஜென்ட் தானே சுருண்டு எழுந்த நேரங்களில் அலறியதையெல்லாம் சிவப்பு மையால் அடித்தாள். அது ஒரு மணி நேர வேலைகூட இல்லை. அடித்து முடித்தபோது மீதி இருந்தவை கண்ணுக்குத் தெரிந்தன. காலை ஆறு மணி. மதியம் இரண்டு மணி. இரவு பத்து மணி. எல்லா நாளும். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஷிப்ட் மாறுகிற மூன்று வேளைகள். அதில் இரண்டு வேளை அவள் வீட்டில் இருந்தாள். மூன்றாவது வேளை கேன்டீனில். திரும்பி வந்து அவள் தொட்டுப் பார்த்தபோதெல்லாம் அலை ஓய்ந்திருந்தது.

அந்த நேரங்களுக்கான சர்வரின் சொந்தப் பதிவேட்டைத் திறந்தாள். ஒரே ஒரு முகவரியிலிருந்து, ஒரே கேள்வி, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். அது யாருடைய முகவரி என்று நெட்வொர்க் பார்ப்பவரிடம் போனில் கேட்டாள்.

“அதுவா? புது வருகைப்பதிவு மிஷினோடது மேடம். முகத்தைக் காட்டினா வருகை விழும்ல, அது. ஏன், ஏதாவது பிரச்சினையா?”

ஏஜென்ட் மாறிய அதே வாரத்தில்தான் வாசல்தோறும் அந்த இயந்திரங்களையும் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் அவை டைரக்டரியில் ஆளைத் தேடச் சொல்லிக் கேட்டன, பதில் வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்டன. ஊழியர் எண்ணைப் பார்த்து நேராக எடுக்க ஓர் அட்டவணை போட்டு வைத்திருந்தால் நொடியில் முடிந்திருக்கும். யாரும் போட்டு வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முகத்துக்கும் சர்வர் இரண்டாயிரம் பேரையும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டியது. முந்நூறு பேர் வெளியேறி முந்நூறு பேர் உள்ளே வருகிற வேளையில் மூச்சுத் திணறியது. அந்த வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த பயிற்சி நர்ஸ்களும் சேர்ந்து வரிசையில் நின்றதில் படுத்தேவிட்டது. மாற்று சர்வர் பக்கத்துக் கட்டடத்தில் சும்மாதான் இருந்தது. ஆனால் பெட்டகம் பொருத்த வந்தவர்கள் அதன் முகவரியைப் பெட்டகங்களில் எழுதாமலே போயிருந்ததால் அவை அதனிடம் கேட்கவே இல்லை.

பெரியவள் அந்த அட்டவணையைப் போட்டாள். பதினோரு நிமிடம் ஆயிற்று. மறுநாள் இரண்டு மணிக்குச் சாப்பிடப் போகாமல் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே ஷிப்ட் மாறியது. பதில்கள் கண் இமைப்பதற்குள் வந்துகொண்டே இருந்தன. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பதினோரு நிமிட வேலை. மூன்று வாரமாகக் குரைத்த நாயின் வாயைத் திறந்து திறந்து பல்லைப் பார்த்தோமே தவிர, அது எந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கிறது என்று ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்தோமா என்று நினைத்தாள்.

முதலில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். முழுவதும் கேட்டாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“செத்தவ திரும்பி வரப்போறதில்லை. சின்னவ வேலை போகுதோ இருக்குதோ, தெரியாது. நீயும் போய் நின்னு தலையைக் கொடுத்தா, ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து என் மூஞ்சியப் பாக்க வேண்டியதுதான். ஒரு கண்ணாவது மிஞ்சட்டும். பேசாம இரு.”

“அவ மேல பழி விழுதும்மா.”

“விழுந்தது விழுந்தாச்சு. இப்ப நீ சொன்னா அவ உன் மூஞ்சியில முழிப்பாளா? அதை யோசிச்சியா?”

அதைத்தான் அவள் நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சின்னவள் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். ஒரு வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. குழுவிடம் என்ன சொல்வது என்று எழுதி வைத்திருந்த தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ‘பெட்டகம் பழுது என எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை’ என்று முதல் வரி.

“உனக்குத் தெரிவிச்சிருக்கணும்” என்றாள் பெரியவள்.

“என்னது?”

“ரெண்டு அஞ்சுக்குள்ள உங்க வார்டுக்குப் போன் வந்திருக்கணும். சிவப்பு வந்துச்சு. அதை நான் மியூட்ல போட்டு வச்சிருந்தேன்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சின்னவள் அக்காவையே பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“எட்டு நாளா.”

“யாரு போடச் சொன்னது?”

“வாய்மொழி சொன்னார். ஆனா எனக்கும் பொய்னுதான் தோணுச்சு. போட்டது நான்தான்.”

சின்னவள் தாளை எடுத்து நாலாக மடித்தாள். “நானும் சொன்னேன்ல” என்றாள் மெதுவாக. “பஸ்ல. அதை நிறுத்தித் தொலைன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.”

“உன் பேச்சைக் கேட்டு நான் போடலைடி.”

“தெரியும். ஆனா சொன்னேன்ல.” எழுந்தாள். கை கழுவவில்லை. “அது போகட்டும். பத்து நாளா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட. நான் அந்த எட்டு நிமிஷத்தை எண்ணி எண்ணிச் செத்துக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்த. அது எப்படிக்கா முடிஞ்சுது உன்னால?”

அன்று சாயங்காலமே சின்னவள் தன் பாயையும் தலையணையையும் அம்மா அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒரு அம்மாள், தடித்த கண்ணாடி போட்டவர். சின்னவள் பேசி முடித்ததும் பெரியவள் உள்ளே வர அனுமதி கேட்டாள். முப்பத்தொரு பக்கங்களையும் மேசையில் வைத்தாள். ஏஜென்ட் என்றால் என்ன, சிவப்பு என்றால் என்ன, யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஊமையாக்கிய நாளையும் நேரத்தையும் காட்டினாள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த வாய்மொழியைப் பார்க்காமலே அவர் சொன்னதையும் சொன்னாள்.

கண்ணாடி போட்ட அம்மாள் நிமிர்ந்தார். “நீங்க அப்படிச் சொன்னீங்களா?”

“எனக்கு ஞாபகம் இல்லை மேடம்” என்றார் வாய்மொழி. “சொல்லியிருந்தா எழுத்துல இருக்குமே.”

அறையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. அவரிடம் வேலை பார்த்த மற்றவர்கள் அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

“அன்னைக்கு ரெண்டு மூணுக்கு எச்சரிக்கை வந்திருந்தா, நாலாம் மாடிக்கு எப்ப போன் போயிருக்கும்?” என்று அம்மாள் பெரியவளைக் கேட்டார்.

“ரெண்டு அஞ்சுக்குள்ள மேடம். இவ பார்மசிக்கு ஓடினது ரெண்டு பன்னெண்டுக்கு.”

அம்மாள் குறித்துக்கொண்டார். சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் தையற்காரியின் கணவன் உட்கார்ந்திருந்தான். வெல்டர். முன்கை முழுக்கத் தீப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். அவனை உள்ளே கூப்பிடவில்லை; கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து காத்திருந்தான். பெரியவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்ததும் எழுந்து நின்றான்.

“நீங்க கம்ப்யூட்டர் பாக்குறவங்களா? கதவு சரியாச் சாத்தலை. நீங்க பேசினது காதுல விழுந்துச்சு.”

அவள் தலையாட்டினாள்.

“அந்த அலாரம் அடிச்சிருந்தா என் வீட்டுக்காரி பிழைச்சிருப்பாளா?”

பதினாறு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளிடம் கேட்பதெல்லாம் எப்போது சரியாகும், ஏன் மெதுவாக இருக்கிறது என்பதுதான்.

“அது எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்குக்கூடத் தெரியுமான்னு தெரியலை. ஏழு நிமிஷம் முன்னாடி ஊசி போட்டிருக்கலாம். அது மட்டும் நிச்சயம்.”

“ஏழு நிமிஷம்” என்றான் அவன். “எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலைங்க. திடீர்னு வலிப்பு வந்துச்சு, எவ்வளவோ பாத்தோம்னு சொல்லி ஒரு தாளைக் கையில கொடுத்தாங்க. கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டேன்.” அவள் கையில் இருந்த அந்தப் பக்கங்களின் மற்றொரு பிரதியைப் பார்த்தான். “அதை எனக்குக் கொடுப்பீங்களா? படிச்சுப் புரியாது எனக்கு. ஆனா வேணும்.”

மருத்துவமனையின் பதிவேட்டை வெளியாளிடம் கொடுக்கக்கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதிகளில் அது முதல் பக்கத்திலேயே இருந்தது. பெரியவளுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. பிரதியை அவன் கையில் கொடுத்தாள். எந்தப் பக்கத்தில் அந்த வியாழக்கிழமை இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. சின்னவள் மேல் குற்றம் இல்லை என்று எழுதி, கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார்கள். வாய்மொழியைச் சரக்கு அறைக்கு மாற்றினார்கள். எச்சரிக்கையை ஊமையாக்கியதற்குப் பெரியவளுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. வேலையை விட்டு நீக்கியது அதற்காக இல்லை, உள் ஆவணத்தை வெளியாருக்குக் கொடுத்ததற்காக. நீக்கல் உத்தரவு நாலு கையெழுத்தோடு சுத்தமான எழுத்தில் வந்தது. சர்வர் அறைச் சாவியை ஒப்படைத்தபோது உதவி மேசைப் பெண் அழுதாள். பெரியவளுக்கு அழுகை வரவில்லை.

சின்னவள் மறுபடி வேலைக்குப் போனாள். ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இன்னொரு நர்ஸோடு அறை எடுத்துக்கொண்டாள். பெட்டியைக் கட்டும்போது பெரியவள் வாசலில் வந்து நின்றாள்.

“நீ வந்து சொல்லலைன்னா என் வேலை போயிருக்கும்” என்றாள் சின்னவள், துணியை மடித்துக்கொண்டே. “அது எனக்குத் தெரியாம இல்லை. நீ பண்ணினது சரிதான். ஆனா உன்னைப் பாத்தா எனக்கு ஏழாம் கட்டில்தான் ஞாபகம் வருது. என்னைப் பாத்தாலும் அதுதான் வருது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வேண்டாம்.”

“சாப்பிட மட்டும் வந்து போடி.”

“பாக்கலாம்.”

அவள் வரவில்லை. அம்மா வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் பெரியவளிடம், “நல்லா இருக்கா” என்று மட்டும் சொல்லுவாள். ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று அம்மா ஒரு தடவைகூடச் சொல்லாதது பெரியவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வெல்டர் வழக்குப் போட்டான். அந்த முப்பத்தொரு பக்கத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று அவனுடைய வக்கீல் பெரியவளைச் சாட்சியாகக் கூப்பிட்டார். முதல் வாய்தாவில் மருத்துவமனையின் வக்கீல் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “ஊமையாக்கியது நீங்கள்தானே?” ஆமாம் என்றாள். அடுத்த வாய்தா தள்ளிப்போயிற்று. அதற்கடுத்ததும் தள்ளிப்போயிற்று. மின்சாரம் ஏறி இறங்கியதாகச் சொல்லும் அறிக்கை ஒன்றை எதிர்த்தரப்பு தாக்கல் செய்தது. அதில் கையெழுத்து இருந்தது, யாருடையது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் காலை பத்து மணிக்கே போய்விடுவாள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெல்டர் முன்னதாகவே வந்து பெஞ்சில் இருப்பான். அவளைக் கண்டதும் நகர்ந்து இடம் விடுவான். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒன்றும் இருப்பதில்லை. பெயர் கூப்பிடும் வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.